ஆடிக்கொண்டிருந்த நம்பர் பிளேட்

இன்று சிம்மக்கல்லில் என் ஸ்கூட்டரின் பின் நம்பர் பிளேட்டை ஆட்டிப் பார்த்த மெக்கானிக், "இறுக்கிரவா சார்?" என்றார்.

"இருங்கண்ணே, எதுக்கு ஆடுதுன்னு மொதல்ல பாப்போம்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எல்லாம் எண்பதுகளில் மச்சான் வாங்கிய பழைய சீமைக் காரால் வந்த புத்தி. அதன் டிக்கிக் கதவு மேலே திறக்காது. கீழே மடங்கிப் பலகை மாதிரி நிற்கும். கதவின் வெளிப்பக்கம் நம்பர் பிளேட், மேல் விளிம்பில் கீல் வைத்த பிராக்கெட்டில் லொடலொடவென்று ஆடும்.

"இம்புட்டு அழகான காரு, சத்தம் மட்டும் தகர டப்பா மாதிரி கேக்குது மாப்ள" என்று மச்சான் பிராக்கெட்டைக் கழற்றித் துடைத்து மாட்டி, அடியில் இரண்டு போல்ட்டைக் கூடுதலாகப் போட்டு முடுக்கினார். ஆட்டம் நின்றது.

அன்று சாயங்காலம் என் தங்கைக்கு நிச்சயம். சோழவந்தானில் வெற்றிலை வாங்கினோம். கட்டுகள் உள்ளே அடங்காததால், டிக்கிக் கதவை மடக்கி அதன்மேல் வைத்துக் கட்டினோம்.

வழியில் போலீஸ்காரர் மறித்தார். "பின்னாடி நம்பர் எங்கய்யா?"

இறங்கிக் குனிந்து பார்த்தோம். நம்பர் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வெத்தல போகாம தட்டு மாத்த மாட்டாக சார்" என்று கெஞ்சிக்கொண்டே மச்சான் வேட்டியோடு ரோட்டில் படுத்து, அந்த இரண்டு போல்ட்டையும் கழற்றினார். பிளேட் கீலில் தானாக மடங்கி நேராகத் தொங்கியது. நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

"அட, கீலு இதுக்குத்தானா!" என்றார் போலீஸ்காரர்.

வீடு வரைக்கும் லொடலொட. இரண்டு போல்ட்டும் மச்சான் சட்டைப் பையில்.

இன்றைக்கு ஸ்கூட்டரில் வெறும் நட்டுதான் கழன்றிருந்தது. இறுக்கச் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டில் என்ன ஆடுகிறது? எதற்கென்று பார்த்தீர்களா?