பொத்தான் மிஸ் எழுதிய கணக்குப் பரீட்சை

எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் மூன்று வயதுப் பிள்ளைகள். அவளுடைய மேலங்கியின் முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் பொத்தான் இருக்கும். அதைத் திருகினால் பாட்டு வரும் என்று ஒரு வாண்டு கிளப்பிவிட்டது. அன்றிலிருந்து அவள் பொத்தான் மிஸ். பெற்றோர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எங்கள் நிர்வாகி மேடம்கூட ஒரு தடவை மறந்துபோய், வந்திருந்த அதிகாரிகள் முன்னால், "பொத்தான், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

நான் பக்கத்து அறையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். இரண்டு அறைக்கும் நடுவில் பாதி உயரம் வரை மரம், அதற்கு மேல் கண்ணாடி. அதனால் அவள் அழுதது, சிரித்தது எதுவும் எனக்குத் தெரியாமல் போனதில்லை.

அவள் உதவியாளராகத்தான் இருந்தாள். ஒரு அறையின் முழுப் பொறுப்பு ஆசிரியையாக ஆக வேண்டுமென்றால் பட்டம் வேண்டும். வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாகக் குழந்தைக் கல்விப் பட்டப்படிப்பில் சேர்ந்து, ஒவ்வொரு பாடமாக முடித்துக்கொண்டு வந்தாள். உளவியல் முடிந்தது, மொழி முடிந்தது, உணவும் உடல்நலமும் முடிந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி: அறிவியல் பிரிவில் இல்லாதவர்களுக்கான கணிதம். ஒவ்வொரு பருவத்திலும் அதை அடுத்த பருவத்துக்குத் தள்ளினாள். இனிமேல் தள்ள இடமில்லை என்ற நிலை வந்த பிறகுதான் சேர்ந்தாள்.

"எனக்கும் கணக்குக்கும் ஆகவே ஆகாது" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "ஸ்கூல்ல பின்னம் நடத்தின மாசம் பூரா மஞ்சக் காமாலையில படுத்துக் கிடந்தேன். திரும்பிப் போனா எல்லாரும் மேல கீழ நம்பர் போட்டு நடுவுல கோடு கிழிச்சுட்டு இருக்காங்க. என்னான்னு கேக்க வெக்கமா இருந்துச்சு. கேக்கவே இல்லை. அப்படியே போயிடுச்சு."

மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரம்தான் அவளுக்குப் படிக்கக் கிடைத்தது. மேடத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். மேடம் யோசிக்கவே இல்லை. "நீங்க சாப்பாட்டு ரூம்ல உக்காந்து படிங்க. தூங்கற பசங்களை நான் பாத்துக்கறேன். எழுந்தா ஓடி வாங்க, எனக்கு யார் எந்த டவல்னு தெரியாது" என்றார். அன்று முதல் பாய்களுக்கு நடுவே குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயைத் தொட மேடம் உட்கார்ந்திருப்பார். பார்க்கச் சிரிப்பாக வரும். ஆனால் ஒரு நாள்கூட அவர் முகம் சுளிக்கவில்லை.

பாடம் நடத்தியவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. பதிவு செய்த பாடங்கள். திரையில் ஒரு வெள்ளைப் பலகையும் எழுதுகிற கையும் மட்டும் தெரியும். குரலில் எப்போதும் கொஞ்சம் ஜலதோஷம். நடுநடுவே எங்கோ ஒரு நாய் குரைக்கும், அவர் "இருப்பா, முடிச்சுட்டு வரேன்" என்று அதற்கும் பதில் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்வார். அவரை அவள் 'ஜலதோஷ சார்' என்பாள்.

முதல் வாரமே கணங்கள். கவிழ்த்துப் போட்ட கிண்ணம் மாதிரி ஒரு குறி வந்தது. அது என்ன என்று அவளுக்குப் புரியவில்லை. வகுப்பின் கேள்விப் பக்கத்தில் கேள்வியைத் தட்டச்சு செய்வாள், அழிப்பாள், மறுபடியும் தட்டச்சு செய்வாள்.

"அனுப்பித் தொலையேன்" என்றேன்.

"எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிச்சா உனக்குக் கேக்கவா போகுது?"

கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். சார் எழுதாமல் பேசியே பதில் அனுப்பியிருந்தார். அவள் காப்பகத்தில் வேலை செய்வது அறிமுகப் பக்கத்தில் இருந்ததைப் படித்திருக்கிறார் போலும். "உங்க அறையில ரெண்டு பெரிய வளையம் போடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏறி இருக்கட்டும். சிவப்புச் சட்டைக்காரங்க ஒண்ணுல, காலுறை போட்டவங்க இன்னொண்ணுல. ரெண்டும் உள்ளவங்க எங்க நிப்பாங்கன்னு பாருங்க. அந்த இடந்தான் நீங்க கேட்ட குறி."

மறுநாள் காலை அவள் பிள்ளைகளை வைத்து அதைச் செய்தே பார்த்துவிட்டாள். விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளைகள் குதித்தார்கள். சிவப்பும் இல்லாமல் காலுறையும் இல்லாமல் வந்திருந்த ஒரு பையன் மட்டும் வெளியே நின்று உதட்டைப் பிதுக்கினான், பிறகு ஊரைக் கூட்டினான். அதையும் சாருக்கு எழுதினாள். பதில் வந்தது: "அவன் வெளியே இல்லைன்னு சொல்லுங்க. அந்த அறையே ஒரு பெரிய சதுரம். அதுக்குப் பேர் அனைத்துக் கணம். அவனும் அதுக்குள்ளதான் நிக்கறான்."

பொத்தான் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். முகம் விளக்குப் போட்டமாதிரி இருந்தது. "கணக்குல யாரையும் வெளிய நிறுத்த மாட்டாங்களாம்டி" என்றாள்.

அதற்காக எல்லாம் சுலபமாகிவிடவில்லை. இடைத்தேர்வில் நன்றாகவே கவிழ்ந்தாள். விலகிக்கொள்கிறேன் என்று சாருக்கு எழுதினாள். அவர் கெஞ்சவுமில்லை, திட்டவுமில்லை. "விலகறது உங்க இஷ்டம். ஆனா உங்க தப்பு விடைகளைப் பாத்தேன். பாதி இடத்துல வழி சரியாத்தான் போகுது, பின்னம் வந்த உடனே நின்னுடறீங்க. பின்னம் மட்டும் ஒரு வாரம் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க" என்று சொல்லி, பள்ளிப் பிள்ளைகளுக்கான சில பாடங்களை அனுப்பிவைத்தார். அத்தனை வருஷம் கழித்து, பிள்ளைகளுக்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டே அவள் பின்னம் படித்தாள்.

வீட்டில் அவள், கணவர், கணவரின் அக்கா. கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வாய் திறந்து பேசுவதற்குக் கூலி கேட்கிற ரகம். அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர் நாத்தனார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஒரு சலவைக் கடையில் துணி வாங்கி டோக்கன் கொடுக்கும் வேலை. நாக்கு இஸ்திரிப்பெட்டி மாதிரி, எங்கே பட்டாலும் சுடும்.

"மூக்கு துடைச்சு விடறதுக்கு அல்ஜீப்ரா எதுக்கு?" என்று கேட்டவர் அவர்தான். ஆனால் பொத்தான் பாடத்தில் சேர்ந்த நாளிலிருந்து ராத்திரிச் சமையலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதும் அவர்தான். "நீ அடுப்புல ஒரு கண்ணும் போன்ல ஒரு கண்ணுமா நின்னா நாங்க கரியத்தான் திங்கணும், நகரு" என்றாராம். கனிவாக ஒரு சொல் கிடையாது. ஆனால் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

நிகழ்தகவுப் பாடம் நடந்துகொண்டிருந்த வாரத்தில்தான் அது நடந்தது. நாத்தனார் தன் கடைப் பெண்களோடு சேர்ந்து மார்பகப் பரிசோதனைக்குப் போய்வந்திருந்தார். எல்லோரும் போகிறார்களே என்று போனது. சில நாள் கழித்து, கடையில் நிற்கும்போது போன் வந்தது. படத்தில் ஏதோ தெரிகிறது, இன்னொரு சோதனைக்கு வர வேண்டும் என்றார்கள்.

பொத்தான் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தம்பி எதிரில் நின்றிருந்தார்.

"என் தையல் மெஷினை நீ எடுத்துக்க" என்றார் நாத்தனார் இவளைப் பார்த்ததும். "பீரோவுல இருக்கற நல்ல போர்வை ரெண்டும் உனக்குத்தான். வேற யாருக்கும் குடுத்துடாத."

"அண்ணி, என்ன ஆச்சு? முதல்ல சொல்லுங்க."

சொன்னார். சொல்லி முடித்ததும், "அவ்வளவுதான், என் கதை முடிஞ்சுது" என்றார்.

பொத்தானுக்கு உடனே தன் பாடம்தான் ஞாபகம் வந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள். ஏனென்றால் அதே வாரப் பாடத்தில் இதே மாதிரி ஒரு கணக்கு இருந்தது. அதில் வந்த விடை அவளுக்கே நம்ப முடியாததாக இருந்ததால் இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்திருந்தாள். ஆனால் பாடத்தில் இருப்பதை உயிரோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷியிடம் சொல்லலாமா? சமையலறைக்குப் போய் சாருக்கு நாலு வரி அனுப்பினாள். பதில் வரும் என்று நினைக்கவில்லை. தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது.

"சொல்லலாம். ஆனா ரெண்டு விஷயம். பாடத்துல இருக்கற எண்ணிக்கை உதாரணம்தான், உங்க ஊர் எண்ணிக்கையை டாக்டர்கிட்ட கேளுங்க. இன்னொண்ணு, இதைக் கேட்டுட்டு அடுத்த சோதனைக்குப் போகாம இருந்துடக் கூடாது. கட்டாயம் போகச் சொல்லுங்க."

அவள் அலமாரியிலிருந்து காய்ந்த பட்டாணியை எடுத்துவந்து நாத்தனார் முன்னால் தரையில் கொட்டினாள்.

"என்னடி இது, இந்த நேரத்துல?"

"ஒரு நிமிஷம் பாருங்க அண்ணி. இது என் பாடத்துல வர்ற கணக்கு. ஆயிரம் பொம்பளைங்க சோதனைக்குப் போறாங்க. அதுல நெஜமாவே நோய் இருக்கறது எட்டு பேருக்கு. மெஷின் அதுல ஏழு பேரைக் கண்டுபிடிச்சிடும். ஆனா நோயே இல்லாதவங்கள்ல எழுபது பேரையும் சந்தேகமா இருக்கு, திரும்ப வாங்கன்னு கூப்பிடும்." பேனாவால் ஏழு பட்டாணியில் புள்ளி வைத்தாள். மிச்சத்தில் எழுபதை எண்ணி அவற்றோடு கலந்தாள். "உங்களுக்கு வந்த போன் இந்த எழுபத்தேழு பேருக்கும் வரும். எல்லாரும் உங்களை மாதிரியே செருப்பைக் கழட்டாம உக்காந்திருப்பாங்க. இதுல புள்ளி வெச்சது எத்தனைன்னு நீங்களே பாருங்க."

நாத்தனார் குனிந்து பட்டாணியை விரலால் அளைந்தார். வெகுநேரம் அளைந்தார்.

"அந்த ஏழுல நான் ஒருத்தியா இருந்தா?"

பொத்தான் பொய் சொல்லவில்லை. "இருக்கலாம் அண்ணி. இல்லைன்னு என்னால சொல்ல முடியாது. அப்படி இருந்தாலும் சீக்கிரமா தெரிஞ்சிருக்கு, வைத்தியம் பாக்கலாம், நான் கூடவே இருப்பேன். ஆனா இன்னிக்கே தையல் மெஷினை என் தலையில கட்ட வேண்டாம்."

நாத்தனார் அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். கணவர் அவற்றை எடுத்துக்கொண்டு போய் வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு வந்தார். அவரால் முடிந்தது அதுதான்.

மருத்துவமனைக்கு இவளும் கூடப் போனாள். இரண்டாவது படம் எடுத்த மருத்துவரிடம், "திரும்பக் கூப்பிடறவங்கள்ல எத்தனை பேருக்கு நெஜமா நோய் இருக்கும் டாக்டர்?" என்று கேட்டாள். மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "இதை யாருமே கேக்க மாட்டாங்க, ராத்திரி பூரா அழுதுட்டுத்தான் வருவாங்க. இங்கயும் பெரும்பாலானவங்க நல்லபடியா வீட்டுக்குப் போறவங்கதாம்மா" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, படத்தைக் காட்டி நிதானமாக விளக்கினார். முடிவு வர இன்னும் சில நாள் ஆயிற்று. அது வெறும் நீர்க்கட்டி. ஒன்றும் செய்ய வேண்டாம், வருஷா வருஷம் வந்து காட்டினால் போதும் என்றார்கள்.

நாத்தனார் நன்றி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அவர் அகராதியில் அது கிடையாது. பரீட்சை அன்று என்ன செய்தார் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

இணையப் பரீட்சைக்குக் கேமராவை ஓடவிட வேண்டும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, பேச்சுக் குரல் கேட்கக் கூடாது. அவர்கள் வீடோ அடுக்குமாடியில் படிக்கட்டுக்கு நேர் எதிரே இருப்பது. போகிறவர் வருகிறவர் சத்தம் எல்லாம் உள்ளே கேட்கும். நாத்தனார் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, ஒரு நாற்காலி போட்டு வெளியே உட்கார்ந்தார். அழைப்பு மணியின் மேல் பஞ்சு வைத்து ஒட்டினார். மாடிவீட்டுப் பிள்ளைகளை மிட்டாய் கொடுத்து ஓசைப்படாமல் இறக்கினார். தண்ணீர்க் குடத்தோடு வந்தவரை உதட்டில் விரல் வைத்தே திருப்பி அனுப்பினார். கடைசியில் காய்கறிப் பையோடு சொந்தத் தம்பி வந்தார்.

"அக்கா, நான் உள்ள..."

"உஷ்! உன் பொண்டாட்டி பரீட்சை எழுதறா. நில்லு."

மனிதர் கீரையைக் கையில் பிடித்தபடி பரீட்சை முடியும்வரை படிக்கட்டிலேயே நின்றார். இதை அவரே என்னிடம் சொன்னார். அவர் என்னிடம் சொன்ன ஆக நீளமான சங்கதி இதுதான்.

மதிப்பெண் வந்தபோது பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பொத்தான் போனைப் பார்த்தாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த மேடம் முன்னால் மண்டி போட்டு, சத்தமில்லாமல் போனைக் காட்டினாள். மேடம் பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு அவள் தலையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், தோளில் ஒரு குழந்தையோடு, கை தட்ட முடியாமல் காலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

சாருக்கு அவள் எழுதிய நன்றியை எனக்குப் படித்துக் காட்டினாள். பட்டம் கிடைக்கப்போவதைப் பற்றி ஒரு வரி, அண்ணியைப் பற்றித்தான் மீதியெல்லாம். பதிலில் சார், "பட்டாணி யோசனையை நான் எடுத்துக்கலாமா? பாடத்துல நான் போட்ட படத்தை விட நல்லாருக்கு" என்று கேட்டிருந்தார்.

அப்புறம் நாத்தனாரின் சலவைக் கடைக்குப் போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"எவ்வளவு?" என்றார் நாத்தனார்.

"அறுபத்தெட்டு அண்ணி."

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான்."

"மிச்சம் முப்பத்திரண்டு எங்க போச்சு?" என்று அதட்டினார். அந்தப் பக்கம் இஸ்திரிப்பெட்டியின் ஆவி சீறும் சத்தம் கேட்டது, மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. பிறகு கடையில் யாரிடமோ குரலை உயர்த்தி, "கொஞ்சம் இருங்க, துணி எங்கயும் ஓடிடாது. எங்க வீட்டுப் பொண்ணு கணக்குல பாஸ் பண்ணியிருக்கா!" என்றார்.