அடுக்களை வாசலுக்கு ஒரு காலிங் பெல்

சுவரில் ஒரு காலிங் பெல் மாட்டினேன். அதனால் எங்கள் மைனிக்கு வீடே இல்லாமல் போகப் பார்த்தது.

மிகைப்படுத்தவில்லை. போன மாதம் நடந்தது.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. எங்கள் ஊர்ப்பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். பெயர் ரோஸ்லெட். அண்ணன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. நெய்யூர் பக்கத்தில் சொந்த வீடு. ஒரே மகன் அஜின். கத்தாரில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

மழை நேரத்தில் மைனி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். முழங்காலில் அடி. நாலு நாள் ஆஸ்பத்திரி, பிறகு ஒரு வாக்கரோடு வீடு. இவ்வளவுதான். ஆனால் இந்தச் செய்தி கடல் தாண்டிப் போகும்போது எவ்வளவு பெரிதாகிவிடுகிறது தெரியுமா? அஜினுக்குத் தூக்கம் போய்விட்டது. நாகர்கோவிலில் வயதானவர்களுக்கான ஒரு ஹோமில் ரூம் பார்த்துவிட்டான். நர்ஸ் உண்டு, லிஃப்ட் உண்டு, வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு.

மைனி கேட்டாள், "நான் எதுக்குலே போவணும்? இஞ்ச தினமும் ஆளு வருதாவ, போவுதாவ. நான் என்ன தனியாவா கெடக்கேன்?"

"அம்மா, நீ சும்மா சொல்லுத."

"எனக்க வீட்டுக்கு யாரு வருதாவன்னு எனக்குத் தெரியாதா?"

அஜின் ஒரு சமாதானத்துக்கு வந்தான். வாசலில் கேமரா வைத்த ஒரு பெல். ஹாலில் ஒரு ஸ்மார்ட் டிஸ்பிளே. யாராவது பெல் அடித்தால் மைனி எழுந்து நடக்க வேண்டாம், இருந்த இடத்திலேயே முகத்தைப் பார்த்துப் பேசலாம். அவனும் கத்தாரில் போனில் பார்ப்பான். ஒரு வாரம் பார்ப்பான். அம்மா சொல்வதுபோல் ஆள் நடமாட்டம் இருந்தால் அவள் வீட்டிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் ஒன்றாம் தேதி ஹோம்.

மைனி உடனே சம்மதித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள் பாவம்.

பெட்டி வந்தது. மாட்டுகிற வேலை எனக்கு. குடும்பத்தில் வயர் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது அவர்கள் எண்ணம். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. கன்னியாகுமரி லாட்ஜில் பக்கெட் தூக்கினேன், லாரியில் கிளீனராகப் போனேன், சூரத்தில் சாயப்பட்டறையில் நின்றேன், ஷார்ஜாவில் எலெக்ட்ரீஷியனுக்கு ஏணி பிடித்தேன். ஏணி பிடித்தவனுக்கு வயர் தெரியாதா? தெரியும். ஆனால் இந்த பெல்லில் வயரே இல்லை!

எல்லாம் பேட்டரி, எல்லாம் வைஃபை. ஸ்க்ரூ இரண்டை முடுக்கியதும் என் ஞானம் தீர்ந்துபோனது.

பெல்லுக்கு ஒரு ஆப். டிஸ்பிளேவுக்கு வேறொரு ஆப். பெல் ஒரு கம்பெனி, டிஸ்பிளே இன்னொரு கம்பெனி. இரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிக்க வேண்டியது நான். பெல் வைஃபையைப் பிடிக்கவே மாட்டேன் என்றது. அரை நாள் போராடிய பிறகுதான் தெரிந்தது — மைனி வீட்டு ரவுட்டர் இரண்டு விதமாக வைஃபை தருகிறது. ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. பெல்லுக்கு மெதுவானதுதான் பிடிக்குமாம். எனக்கும் அப்படித்தான். அந்த இடத்தில் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்தது.

அடுத்தது ஓடிபி. அக்கவுன்ட் அஜின் நம்பரில் இருக்கிறது. ஓடிபி கத்தாருக்குப் போகும். அவன் கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருப்பான். பார்த்து அனுப்புவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். ஆறு ஓடிபி செத்தது. ஏழாவது பிழைத்தது.

நான் வெளியே போய் பெல்லை அழுத்தினேன். உள்ளே டிஸ்பிளேயில் என் முகம். மீன்தொட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்த மாதிரி மூக்கு மட்டும் ஒரு முழம்.

மைனி சோபாவிலிருந்தே பேசினாள். "தம்பி, உனக்க மூக்குக்குள்ள என்னவோ இருக்கு."

இணைப்பு சரியாக இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

மேனுவலில் படம் போட்டிருந்தது. மெயின் என்ட்ரன்ஸில், நெஞ்சு உயரத்தில் மாட்டவும். அப்படியே மாட்டினேன். ரோட்டைப் பார்த்த முன்வாசல். தேக்குக் கதவு, அண்ணன் ஆசையாகப் போட்டது. வேலை முடிந்த திருப்தியில் மைனி கையால் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆறாவது நாள் அஜின் கூப்பிட்டான். குரல் சரியில்லை.

"சித்தப்பா, அம்மா பொய் சொல்லுதா."

"என்னடே சொல்லுத?"

"ஆறு நாளு முழுக்கப் பார்த்தாச்சு. வீட்டுக்கு வந்தது மொத்தம் ரெண்டு பேரு. ஒண்ணு கேஸ் சிலிண்டர்காரரு. இன்னொண்ணு அட்ரஸ் மாறி வந்த கொரியரு. வேற ஒரு ஈ காக்கா இல்ல. தினமும் ஆளு வருது, தனியா இல்லன்னு சொல்லிட்டு, அவ ஒத்தையில கெடக்கா சித்தப்பா. எனக்கு வேலைக்குப் போவப் பிடிக்கல. ஹோமுக்குச் சொல்லிட்டேன். ஒண்ணாம் தேதி நீங்களே கொண்டு விட்ருங்க."

கேமரா பொய் சொல்லுமா?

மறுநாள் காலையில் மைனியைப் பார்க்கப் போனேன். ஒரு பழைய சூட்கேஸைக் கட்டில்மேல் திறந்து வைத்திருந்தாள். நாலு சேலை மடித்து உள்ளே வைத்தாகிவிட்டது. அழவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் அவ்வளவு சீக்கிரம் அழ மாட்டார்கள். கோபம்தான்.

"பெத்த தள்ளை சொன்னா நம்ப மாட்டான். சுவத்துல இருக்க பெல்லு சொன்னா நம்புவான். கொள்ளாம், நல்ல நியாயம்."

"மைனி, உண்மையைச் சொல்லுங்க. யாரும் வாறதில்லையா?"

"நீயும் தொடங்கிட்டியா?"

அடுக்களைக்குள் போனோம். அவள் வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ போட்டாள். டீ கொதிப்பதற்குள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா உள்ளே வந்தாள். "அக்கா, ரெண்டு கறிவேப்பிலை பறிச்சிட்டுப் போறேன்." பறிக்கவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் இருக்கும்போதே குளச்சல் கடற்கரையிலிருந்து வரும் மீன்காரி மேரி அலுமினியச் சருவத்தைத் தலையிலிருந்து இறக்கினாள். "அக்கா, நெத்தோலி பாரு, துள்ளுது." துள்ளவில்லை. பேரம் நடந்தது. இன்னும் இரண்டு பெண்கள் ஒரு டம்ளர் உளுந்து கேட்டு வந்தார்கள், ஒரு சண்டைக்கு நியாயம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அரை மணி நேரத்தில் அந்த அடுக்களை வடசேரி பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிட்டது.

நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் இருந்த டிஸ்பிளேவை எட்டிப் பார்த்தேன். அமைதி. யாரும் வரவில்லை என்று காட்டிக்கொண்டிருந்தது.

மைனியைத் தவிர வீட்டுக்குள் ஐந்து பேர். டிஸ்பிளே கணக்கில் பூஜ்யம்!

அப்போதுதான் எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. அந்த வீட்டுக்கு யார் முன்வாசல் வழியாக வருவார்கள்? கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள். சபைப் போதகர். பெண் பார்க்க வருகிறவர்கள். மற்ற எல்லோருக்கும் பக்கவாட்டுச் சந்துதான், அடுக்களை வாசல்தான். முன்வாசலில் வந்து பெல் அடித்தால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் தெரியுமா? நான் உங்களுக்கு அந்நியம் என்று அர்த்தம். ஸ்டெல்லா ஒரு நாள் முன்வாசல் பெல்லை அழுத்தினால் மைனி, "என்ன பிள்ளே, எங்கூட பிணக்கமா?" என்று கேட்டிருப்பாள்.

சரி, ஸ்டெல்லா அப்படி. பெல் மாட்டிய நான்? அன்று காலை நான் எந்த வாசல் வழியாக வந்தேன்? செருப்பைத் தேடிப் பார்த்தேன். அடுக்களைப் படியில் கிடந்தது.

இதில் ஆச்சரியம் அஜின்தான். அவனும் அந்தச் சந்து வழியாக ஓடி வளர்ந்தவன். அவனுக்கு ஏன் தோன்றவில்லை? எட்டு வருடமாக வீடு என்றால் அவனுக்கு ஒரு போன் திரைதான். திரையில் தெரிகிற வாசல்தான் வாசல். நானும் ஷார்ஜாவில் ஒரு அறையில் பன்னிரண்டு பேரோடு படுத்திருந்த காலத்தில் எங்கள் வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் என்று யோசித்து யோசித்து மறந்திருக்கிறேன். மறதிக்குத் தூரம் போதும், வயது வேண்டாம்.

மைனிக்கு ஏன் தோன்றவில்லை? கேட்டேன்.

"அடுக்களை வழியா வருதாவன்னு சொல்லணுமா? மூக்கு வழியா மூச்சு விடுதேன்னு யாராவது சொல்லுவாவளா?"

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பெல்லைக் கழற்றி அடுக்களை வாசலில் மாட்டினேன். அஜினுக்குப் போன் செய்து, "மூணு நாளு டைம் தா, பெல்லை மாத்தி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். எங்கே என்று சொல்லவில்லை. அவனே பார்க்கட்டும்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா ஒரு கிண்ணத்தோடு சந்தில் வந்தாள். பெல்லை அழுத்தவில்லை. அழுத்தவே வேண்டாமே! அந்தக் கேமரா ஆள் அசைந்தாலே போதும், போனுக்குத் தகவல் அனுப்பிவிடும். சுவரிலிருந்து ஆண்குரல் ஒன்று கேட்டது.

"ஸ்டெல்லாக்கா, நல்லா இருக்கியளா?"

"ஏசுவே!" என்று ஒரு அலறல். கிண்ணம் ஒரு பக்கம், ஸ்டெல்லா ஒரு பக்கம். திரும்பி ஓடியவள் தோளில் ஒரு துவர்த்தைப் போட்டுக்கொண்டு வந்தாள். நைட்டியில் வந்திருந்தாள் அல்லவா, அதற்காகத் துண்டு. என்னைப் பார்த்து வெடித்தாள்.

"அண்ணாச்சி, இது என்ன வேல? நாங்க எண்ணெய் தேச்ச தலையோட வருவோம், நைட்டியோட வருவோம். கத்தார்ல இருந்து ஒருத்தன் பாத்திட்டு இருப்பானா? இந்த எளவைக் கழட்டுங்க. இல்லன்னா இந்தப் படி ஏற மாட்டோம்."

மைனி என்னைப் பார்த்தாள். சூட்கேஸ் இன்னும் கட்டில்மேல்தான் இருந்தது. ஆட்கள் வருவதைக் காட்டத்தான் கேமரா. கேமரா இருந்தால் ஆட்கள் வர மாட்டார்கள். ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள். என்ன செய்ய?

ஸ்டெல்லா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவளிடமே கேட்டேன். "அப்ப எப்படி வச்சா சரின்னு நீயே சொல்லு பிள்ளே."

அவள் யோசித்தாள். "மூஞ்சி மட்டும் தெரியட்டும். கழுத்துக்குக் கீழ ஒண்ணும் தெரியப்பிடாது. பின்ன, அவன் பாக்குதான்னா முன்னாலயே ஒரு சத்தம் வரணும்."

ஒரு மரத்துண்டை ஆப்பு மாதிரி செதுக்கி, பெல்லுக்கு அடியில் வைத்து, கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தேன். செட்டிங்கில் தேடி, ஆள் வந்தாலே 'டிங்' என்று சத்தம் வரும்படி வைத்தேன். அஜினிடம், சத்தம் வந்து பத்து எண்ணிய பிறகுதான் பார்க்க வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். ஸ்டெல்லா நாலு முறை நடந்து பார்த்து, டிஸ்பிளேயில் தன் முகத்தைச் சரிபார்த்து, தலைமுடியையும் ஒதுக்கிவிட்டு, அனுமதி கொடுத்தாள். எந்த இன்ஸ்பெக்டரும் அவ்வளவு கறாராக இருந்ததில்லை.

ஒரு குறை மட்டும் உண்டு. மீன்காரி மேரி குள்ளம். சாய்த்து வைத்த கேமராவில் அவள் தெரிய மாட்டாள். மறுநாள் காலை அஜின் பதறிக்கொண்டு கூப்பிட்டான்.

"சித்தப்பா, வீட்டுக்குள்ள ஒரு சருவம் மட்டும் நடந்து போவுது! ஆளைக் காணல!"

"அது நெத்தோலிடே. பயப்படாத."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் ஒரு மாதமாகக் கேட்கவில்லை.

மூன்றாவது நாள் அவனே மைனியைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோரும் கேட்டோம்.

"அம்மா, ஹோமுக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"அப்பிடியா? பெல்லு சம்மதிச்சுதா?"

"நான் கிறுக்கன்மா. அடுக்களைன்னு எனக்கு ஓர்மையே வரல. உன்னப் பொய்க்காரின்னு சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காத."

மைனி உள்ளே போய் சூட்கேஸிலிருந்த நாலு சேலையை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். வாக்கர் இல்லாமல் நடந்தாள் என்பதை நான் கவனித்தேன். அவள் கவனிக்கவில்லை.

மனிதர்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்று தெரியாமல் வாசலில் கேமரா வைத்துவிட்டு, யாருமே வரவில்லை என்று வருத்தப்படுகிறோம். மெயின் என்ட்ரன்ஸ் எது என்பதை மேனுவல் எழுதியவர் சொல்ல முடியுமா? அங்கே கறிவேப்பிலை பறிக்க வருகிறவள்தான் சொல்ல முடியும்.

அஜினுக்கு இரக்கப்பட்டு, "ஒரு நாளைக்கு இத்தனை தடவ போன் சத்தம் போட்டா வேலை எப்படிடே ஓடும்? தகவல் வாறதைக் குறைச்சு விடட்டா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் சித்தப்பா. கெடக்கட்டும். இஞ்ச எனக்க ரூமுக்கு எவன் வாறான்?"

இப்போது அவனுக்கு டீ இடைவேளை நேரம் ஸ்டெல்லாவுக்கு மனப்பாடம். சரியாக அந்த நேரத்துக்கு அவளும் மேரியும் சந்தில் நின்றுகொண்டு, "மக்களே, தின்னியா? என்ன கறி? மெலிஞ்சு போயிட்டியே!" என்று சுவரோடு பேசுகிறார்கள். ஆளை அவர்களால் பார்க்க முடியாது, ஆனாலும் மெலிந்தது தெரிந்துவிடுகிறது.

மைனிக்குத்தான் இப்போது கடுப்பு — வருகிறவர்களெல்லாம் பெல்லோடு பேசிவிட்டு, இவளைப் பார்க்காமலே போய்விடுகிறார்களாம்.