கேரட் தின்ற ராட்சசன்

பகலில் டயர் மாற்றுவதும் மாலையில் படக்கதை இதழ் வரைவதுமாக லிண்டன் கனடாவின் சஸ்கட்டூன் நகரில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். பழைய தேவதைக் கதைகளைத் தலைகீழாகக் கவிழ்ப்பதுதான் அவன் படக்கதையின் வேலை. அதில் கண்ணாடிச் செருப்புக்காரி, கால் ஆணிக்காக அரண்மனை மேல் வழக்குப் போடுவாள். ஓநாய், பன்றிகளிடம் வாடகைக்கு வீடு கேட்டு அலையும். முகங்களுக்கு மட்டும் அவன் கற்பனையைச் செலவழிப்பதில்லை. கண்ணில் பட்டவர்களையே பிடித்துப் போட்டுவிடுவான்.

ராட்சசனின் முகம் ஓரெஸ்டுடையது. நகராட்சியின் பனி ஒதுக்கும் லாரியை ஓட்டுகிறவர். லிண்டன் இடுப்பொடிய வாசலைச் சுத்தம் செய்து நிமிரும்போதுதான் அந்த லாரி வரும். தெருப்பனி முழுவதையும் அவன் கார் முன்னால் குவித்துவிட்டுப் போகும். அந்தக் கடுப்பில் மீசை, தொப்பை, கோணல் பல் என்று ஒன்றையும் விடாமல் வரைந்தான். மனுஷனை வேறு எப்படித்தான் பழிவாங்குவது?

விதியைப் பாருங்கள், அவன் காதலித்த லாரிசா அதே ஓரெஸ்டின் மகளாகப் போய்விட்டாள். ஞாயிறு மதியம் பெண் கேட்கப் போகவேண்டும். பயத்தில், புது இதழில் ராட்சசனை அவசர அவசரமாக நல்லவனாக்கினான். ராட்சசன் இறைச்சியை விட்டான். முயலுக்குக் கேரட் ஊட்டினான், தானும் தின்றான்.

ஞாயிறன்று மேஜைக்குப் பெரோகி வந்தது, உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை. ஓரெஸ்ட் அந்தப் புது இதழைத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது நான்தானே தம்பி?"

லிண்டன் வாய்க்குக் கொண்டுபோன பெரோகியைத் தட்டிலேயே வைத்தான். "மன்னிச்சிடுங்க சார். இப்ப அவன நல்லவனா மாத்திட்டேன்."

"அதத்தான் கேக்கறேன், ஏன் மாத்துன? இத்தன வருஷமா டிப்போல என்னைப் பாத்து அவனவன் நடுங்குனான். லாரிக் கதவுல உன் ராட்சசனத்தான் ஒட்டி வெச்சிருக்கேன். இப்ப எனக்கு என்ன பேரு தெரியுமா?"

"கேரட்டு," என்றாள் லாரிசா, சிரிப்பை அடக்க முடியாமல்.

"நீ சும்மா இரு." அவர் லிண்டன் பக்கம் திரும்பினார். "அடுத்த இதழ்ல அவன் ஆளத் திங்கணும். அப்புறம் கல்யாணத்தப் பேசலாம்."

"யார சார்?"

"அந்த இளவரசனத்தான். எப்பப் பாரு இளவரசிகிட்ட இளிச்சிக்கிட்டு நிக்கிறான்ல, உன் மூக்கோட ஒருத்தன்."

லாரிசா, நியாயம்தானே என்பதுபோல் தலையாட்டினாள்.

அன்று மாலையே லிண்டன் உட்கார்ந்து, ராட்சசனைக் கொண்டு தன்னைத் தலையிலிருந்து கடிக்க வைத்தான். அவ்வளவு சந்தோஷமாக அவன் வேறெந்தப் பக்கத்தையும் வரைந்ததில்லை.