கிழக்குப் பார்த்த மனை

மழையில் நனைந்த சவுக்குக் கட்டையைத் தெருவில் நின்று மோந்து பார்க்கும் ஆள் நான். போன வாரம் சேலையூரில், எதிர்வீட்டுக் கட்டடச் சாரத்தருகே மேஸ்திரியிடம் மாட்டிக்கொண்டேன்.

“இன்னா சார், எதுனா தொலைஞ்சிபோச்சா?”

தொலைந்தது கடற்கரை. அதை எப்படிச் சொல்வது?

சேலையூரில் எல்லோரும் மனை வாங்கி மூலைக்கல் நட்டுக்கொண்டிருந்த காலத்தில், வாங்க வழியில்லாத அப்பா எங்களை ஸ்கூட்டரில் கோவளம் தாண்டி, ஆளரவமே இல்லாத ஒரு கரைக்கு அழைத்துப்போய், கையோடு கொண்டுவந்த நான்கு சவுக்குக் கழிகளை மணலில் நட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, “கிழக்குப் பார்த்த மனை” என்பார். கயிற்றுக்குள் நாங்கள், புளியோதரைத் தூக்கு, ஈரமணலில் புதைத்த தண்ணீர்க் கூஜா. வெளியே அலைச்சத்தம் மட்டும். எங்களுக்குச் சொந்தமாக பீச் இருப்பதாகவே வகுப்பில் சொல்லிவந்தேன். இன்று அங்கே ஒரு ரிசார்ட்டின் மதில். அதைக் கடக்கும்போதெல்லாம் நிலம் பறிபோன ஜமீன்தாரைப்போல் பஸ்ஸில் நிமிர்ந்து உட்காருகிறேன்.

மேஸ்திரியிடம் மாட்டிய அன்று மாலை அம்மாவிடம் இந்தக் கடற்கரைக் கதையைப் பெருமையாகச் சொன்னேன்.

“உனக்கென்னடா, ஜாலி. அங்க போனா அன்னிக்கு முழுக்க நான் ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டேன். அந்த வெட்டவெளியில பொம்பளை எங்க ஒதுங்குவா?” என்றாள்.