ஞாயிற்றுக்கிழமை மட்டும் அளந்தேன்

இல்லைங்க, கனவெல்லாம் இல்லை. பட்டப்பகல், மதியம் 3:10. அப்போதுதான் காபி குடித்திருந்தேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஆனால் முதலில் என் திருட்டுத்தனத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் ஆபீசில் எட்டு ஸ்டோரேஜ் சர்வர்கள் சேர்ந்து ஒரே கிடங்கு போல வேலை செய்யும். அதில் சேர்வதெல்லாம் தினமும் கிளவுடுக்கும் போக வேண்டும் என்று முடிவானது. அதற்கு எவ்வளவு பெரிய இன்டர்நெட் லைன் வாங்குவது? ஏழு நாள் டேட்டா டிராஃபிக்கை அளந்து, அதில் நெரிசல் உச்சமான நேரத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும். கணக்கு சீனியர் அண்ணனுடையது; அளக்கும் வேலையை மட்டும் என்னிடம் கொடுத்தார். நான் ஒரே ஒரு நாள் அளந்தேன். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, ஆபீசில் ஈ காக்கா இல்லாத நாள். மீதி ஆறு நாளுக்கும் அதே எண்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து நிரப்பிவிட்டேன்.

"வாலு, ஏழு நாளும் அளந்தியா?"

"அளந்தேண்ணே."

"சத்தியமா?"

"உங்க சோடாபுட்டிக் கண்ணாடி மேல சத்தியம்ணே!"

சிரித்தபடி கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

முதல் திங்கட்கிழமையே புது லைன் திணறியது. மொத்த ஆபீசும் நின்றது. எல்லோர் முன்னாலும் மேலாளர் அண்ணனை வறுத்தெடுத்தார்.

"கையெழுத்து என்னுதுதான் சார்" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. கோபத்தில் லீவு போட்டிருப்பார் என்று நினைத்தேன். போன் செய்ய முகமில்லை.

வெள்ளிக்கிழமை. எல்லோரும் மாடியில் மீட்டிங்கில். அறையில் நான் மட்டும். என் திரையில் நான் நிரப்பிய அந்த அளவுத் தாள் திறந்திருந்தது. 3:10.

டக்... டக்டக்...

அண்ணனின் மேஜையிலிருந்து. நாற்காலி காலி. கீபோர்டு சத்தம் மட்டும்.

என் திரையில் திங்கட்கிழமையின் பொய் எண் அழிந்தது. வேறு எண் விழுந்தது.

டக்... செவ்வாய்.

டக்... புதன்.

ஞாயிற்றை மட்டும் தொடவில்லை.

கடைசிக் கட்டம். 'அளந்தவர்'. நான் காலியாக விட்டிருந்தது.

ஒவ்வொரு எழுத்தாக...

என் பெயர்.

3:17. சத்தம் நின்றது.

நாற்காலி மெல்லச் சுழன்றது... என் பக்கம்.

நாலு மணிக்கு சர்வர் கம்பெனிக்காரர் வந்து, நான் அளந்திருக்க வேண்டிய அந்த வாரத்தின் பதிவைத் தோண்டி எடுத்தார். தாளோடு ஒப்பிட்டார்கள். ஒரு புள்ளி பிசகவில்லை.

"பையன் சரியாத்தான் அளந்திருக்கான். அவர்தான் கணக்குல கோட்டை விட்டுட்டாரு" என்று மேலாளர் என் தோளைத் தட்டினார்.

தலையாட்டினேன். ஆமாம்... ஆட்டினேன்.

5:30க்கு அண்ணியிடமிருந்து போன்.

"செவ்வாக்கிழமை காலையில மயங்கி விழுந்தாருப்பா. அப்புறம் கண்ணே திறக்கல. இன்னிக்கு மதியம் போயிட்டாரு. 3:17ன்னு டாக்டர் எழுதினாரு." கொஞ்ச நேரம் அழுதார். "கடைசில விரல் மட்டும் போர்வை மேல டைப் அடிச்சிட்டே இருந்துச்சு. என்னப்பா அவ்ளோ அவசர வேலை?"



அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தத் தாளில் என் பெயரை அழிக்கிறேன். தினமும் 3:10க்கு... டக்... டக்... திரும்ப வந்துவிடுகிறது.

இப்போது மணி 3:06. மேலாளர் அறைக் கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிட்டால், அண்ணன் டைப் அடிப்பதை நிறுத்திவிடுவார்தானே... நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?