பத்தாயிரம் முறை எழுதலாம்

பிள்ளைகளே, நான் பாம்பனில் மீன் பிடிக்கிறவன். எட்டாவது வரை படித்தவன். படகுக்குள் கடல்நீர் ஏறினால் மணியடிக்கும் ஒரு சின்னக் கருவியை என் மகள் ஜெனிபர் செய்து தந்தாள். ஆனால் அது அலை தெறித்தால்கூட அடித்தது.

“ஏலே மாப்ள, ஒன் மக பெட்டி அலைக்கெல்லாம் அழுவுதே!” என்று கூட வரும் அந்தோணி சிரித்தார்.

ஜெனிபர் தினமும் கருவியின் சிப்பில் இருந்த புரோகிராமை அழித்துத் திருத்தி எழுதினாள். சிப்பில் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று ஒரு கணக்கு உண்டு என செல்போன் கடையில் கேள்விப்பட்டதும், சிப் சீக்கிரம் தேய்ந்து கெட்டுவிடுமோ என்று எனக்குப் பயம் பிடித்தது. கம்ப்யூட்டரோடு இணைக்கும் வயரை ஒளித்து வைத்தேன். கடலில் மணித் தொல்லை தாங்காமல் கருவியையும் அணைத்துவிட்டேன். மூன்றாம் நாள் பலகை இடுக்கில் கசிந்த நீர் எஞ்சினைத் தொட்ட பிறகுதான் பார்த்தோம். விடாமல் இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தோம்.

வீட்டுக்கு வந்து மகளிடம் உண்மையைச் சொன்னேன்.

“எத்தனை தடவைன்னு கேட்டீகளாய்யா?”

“கேக்கலையே தாயி.”

“பத்தாயிரம் தடவை! நான் இன்னும் அம்பதைக்கூடத் தாண்டலை. தினம் பத்துவாட்டி எழுதுனாலும் ரெண்டரை வருசத்துக்கு மேல தாங்கும். சும்மா ஓடுறதால தேயாது.”

வயரைக் கொடுத்தேன். நீர் பத்து விநாடி நின்றால் மட்டும் அடிக்கும்படி அன்றே மாற்றிவிட்டாள். இப்போது மணியடித்தால் அந்தோணிதான் முதலில் வாளியை எடுக்கிறார்.

அளவு உண்டு என்று கேட்டுப் பயந்தேனே தவிர, எவ்வளவு என்று கேட்கவில்லை. இப்போதெல்லாம் மகள் கையிலிருந்து எதையும் வாங்கி வைக்கும் முன், அவளிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.