ஜன்னலோர ராணுவ முகாம்

என் வீட்டுக்காரர் சசிகுமாரைப் பற்றி வேலம்பாளையத்தில் யாரிடம் கேட்டாலும் "தங்கமான மனுசனுங்க" என்பார்கள். சொல்கிறவர்கள் யாரும் அவரோடு குடித்தனம் நடத்தியதில்லை.

முதலிபாளையம் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவர் க்யூசி. அதாவது, அடுத்தவர் தைத்த துணியில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். சட்டைப் பையில் எப்போதும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கும். தையல் விட்டிருந்தாலோ, எண்ணெய்க் கறை இருந்தாலோ, அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பு ஒட்டினால் பீஸ் திரும்பிப் போய்விடும். அந்தப் புத்தியைக் கம்பெனி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தால் புண்ணியம். கல்யாணமான புதிதில் நான் சுட்ட தோசை ஓரத்தில் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. மனுசன் சாப்பிட்டுக் கைகழுவப் போனார். தட்டை எடுக்கிறேன், தீய்ந்த துண்டுக்கு நேராக விளிம்பில் அம்பு. அன்றைக்கே பெருமாநல்லூருக்கு பஸ் ஏறியிருக்க வேண்டும், எங்கம்மா திட்டுவாளே என்று இருந்துவிட்டேன்.

அவருக்கு இன்னொரு உலகம் உண்டு. அது எங்கள் வீட்டு மாடி ஹாலில் இருக்கிறது. கம்பெனியில் கழித்துக் கட்டிய இரண்டு கட்டிங் டேபிள்களைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் தண்டவாளம், ஸ்டேஷன், பாலம், தெர்மாகோல் மலை, மலைக்குள் குகை என்று ஒரு குட்டி ஊரையே கட்டி வைத்திருக்கிறார். என் உள்ளங்கை நீளத்துக்கு இன்ஜின், பின்னால் பெட்டிகள். ஸ்விட்சைத் திருப்பினால் மின்சாரத்தில் ஓடும். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் மாடிக்கு இழுத்துப் போவார். வந்தவர்கள் "அட அட" என்பார்கள். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பாவம், இந்தம்மா என்று அர்த்தம்.

சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு ரயில்மேல் கோபமில்லை. எனக்கு வேண்டியது அந்த ஹாலின் ஜன்னல்.

பெருமாநல்லூரில் எங்கப்பா சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் துணி ஓரம் பிசிறாமல் தைக்கிற ஓவர்லாக் மிஷினில்தான் உட்காருவேன். கட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகு மிஷினைத் தொடவில்லை. பிள்ளையை வளர்த்தேன், மாமியாரைப் பார்த்தேன், பொழுது போக்கப் பக்கத்து கம்பெனிக்குத் தைத்த துணியில் பிசிறு நூல் வெட்டிக் கொடுத்தேன். மகள் ஜனனி படிக்க ஹாஸ்டலுக்குப் போனதும், பிட்டுத் துணியில் குழந்தைகளுக்குக் கவுன் தைத்து விற்கலாம் என்று முடிவு செய்தேன். கீழே எல்லா அறையும் இருட்டு. மாடி ஹாலின் கிழக்கு ஜன்னல் பக்கம்தான் ஊசி கோர்க்க வெளிச்சம் உண்டு. அந்த ஜன்னலோரம் ரயில் டேபிளின் ஒரு முனை வெறுமையாகக் கிடந்தது, தண்டவாளம்கூட அங்கே இல்லை. அதை எனக்குக் கேட்டேன்.

"அதுக்கென்ன புள்ள, எடுத்துக்கோ. அடுத்த மாசம் உனக்கொரு மிஷின் வாங்கிப்போடலாம்" என்றார். நம்பினேன். எனக்கென்று ஒரு மிஷின், எனக்கென்று ஒரு ஜன்னல். ராத்திரி படுத்தால் கவுனுக்கு என்ன கலரில் பைப்பிங் வைக்கலாம் என்றுதான் நினைப்பு ஓடும். அத்தனை ஆசை எனக்கு.

அந்த நேரம் பார்த்துத் திருப்பூர் ஸ்டேஷனில் ஒரு ராணுவ ரயில் நின்றிருக்கிறது. தார்ப்பாய் மூடிய டாங்கிகள், வரிசையாக ஜீப்புகள். பிளாட்பாரத்தில் இவர் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது முகத்தைப் பார்த்தேன், எங்கள் கல்யாண ஃபோட்டோவில்கூட அந்தக் களை கிடையாது.

"சாரதா, நம்ம லேஅவுட்ல ஒரு மிலிட்டரி கேம்ப் வேணும் புள்ள. டாங்கி ஏத்தி இறக்கத் தனி லைனு, பாரக்ஸ், காவல் கோபுரம், பரேடு கிரவுண்டு."

"கட்டுங்க. மலைக்கு அந்தண்டை நிறைய எடம் இருக்குதுங்களே."

"அங்க ஆகாது. கேம்ப்புன்னா கேமஃப்ளாஜ் இருக்கோணும். மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியக்கூடாது. அதை டேலைட்டுலதான் செக் பண்ண முடியும். ட்யூப்லைட்டுல ஷேடு மாறிப்போகும்."

டேலைட் எங்கே கிடைக்கும்? ஜன்னலோரம்தான்.

மறுநாளே படையெடுப்பு ஆரம்பித்தது. காலியான நூல் கோன்களை நெடுக்கில் அறுத்துக் கவிழ்த்தால் சிப்பாய்கள் தங்க வளைந்த கூரை போட்ட பாரக்ஸ். சட்டையில் விலைச்சீட்டு மாட்டும் பிளாஸ்டிக் பின்களை நட்டு, சாம்பல் நூலை இழுத்துக் கட்டினால் முள்வேலி. வாசலில் ஒரு பலகை. சும்மா எழுதி வைக்க மாட்டாராம், கம்பெனிக்கு லேபிள் போடுகிற இடத்தில் நெய்தே வாங்கி வந்தார். முன்பக்கம் 'தடை செய்யப்பட்ட பகுதி'. லேபிள்காரப் பையன் பழக்கதோஷத்தில் பின்பக்கம் 'குளிர்ந்த நீரில் அலசவும்' என்றும் போட்டிருந்தான். அந்தப் பலகை எந்தப் பக்கம் பார்த்து நின்றது தெரியுமா? மாடிப்படியைப் பார்த்து. எந்த எதிரி நாட்டுக்காரன் எங்கள் மாடிப்படியில் ஏறி வருகிறான்? நான்தான் வருகிறேன்.

காவல் கோபுரத்தைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கினார். விரல் நுனி அளவு குட்டிக் குட்டி மூட்டைகள், பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியில் தைத்தவை. இரண்டு நாளில் சுவரேறி எறும்புகள் வந்தன. ஒரு மூட்டையைப் பிய்த்துப் பார்த்தேன், உள்ளே என் உப்புமா ரவை!

"ஏனுங்க, ஊர்ல மணலே இல்லீங்களா?"

"மணலு ஈரம் புடிக்கும், துணியில கறை ஏறும். அப்பறம் ரிஜெக்ட் ஆயிரும்" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அந்த வாரம் எங்கள் வீட்டில் உப்புமா இல்லை. முகாமை முற்றுகையிட்ட ஒரே படை எறும்புப் படைதான், அதற்கு நான் மனசார ஆதரவு கொடுத்தேன்.

அடுத்துதான் கேமஃப்ளாஜ். ராணுவப் பச்சையில் திட்டுத்திட்டாக அச்சடித்த பனியன் துணி எங்கள் ஊரில் வேஸ்ட் கடையில் மூட்டையாகக் கிடைக்கும். வேறு யாராக இருந்தாலும் ஒரு துண்டை வாங்கிப் போர்த்திவிட்டுப் படுத்துவிடுவார்கள். இவர் க்யூசி ஆயிற்றே. மலையின் பச்சைக்கும் துணியின் பச்சைக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கிறதாம். மலையிலிருந்து ஒரு துண்டை வெட்டி டிபன் கேரியரின் மேல் அடுக்கில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டு போனார். ஏற்றுமதித் துணிக்குக் கலர் ஒப்பிடும் லைட் பெட்டியில் வைத்துப் பார்ப்பார், சாயங்காலம் "ஃபெயில்" என்று தொங்கின முகத்தோடு வருவார். ஒரு நாள் ரசம் இருக்கும் என்று கேரியரைத் திறந்தேன், மலை இருந்தது. துணியைச் சாயத்தில் முக்கினார், டீத்தூள் தண்ணீரில் முக்கினார், வெயிலில் வெளுக்கப் போட்டார். என் மிஷின் "அடுத்த மாசம்" என்பதிலேயே நின்றது. நான் கேட்டால், "இந்த ஷேடு மட்டும் பாஸ் ஆகட்டும் புள்ள" என்பார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. உலகத்தில் இருக்கிற பச்சைக்கெல்லாம் அவருக்கு நேரம் இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை.

ஒருவழியாக ஷேடு பாஸ் ஆனது. பாரக்ஸ், கோபுரம், வேலி, மைதானம், டாங்கி, பொம்மைச் சிப்பாய்கள் எல்லாவற்றையும் அந்தத் துணியும் அதே நிறப் பெயிண்ட்டும் மூடின. தீர்ப்புச் சொல்லக் காசிமாயனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்தார். காசிமாயன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மதுரைப் பக்கம், இப்போது இவர் கம்பெனியில் செக்யூரிட்டி. மீசையை முறுக்கிக்கொண்டு, கையில் டீ டம்ளரோடு மாடியேறி வந்தார். டேபிளை ஒரு சுற்று சுற்றினார். குகையைக் குனிந்து பார்த்தார்.

"சார், ரயிலெல்லாம் அம்சமா இருக்கு. கேம்ப்பு எங்கிட்டு இருக்கு?"

"நல்லாப் பாருங்க" என்றார் இவர்.

"அதான் பாக்குறேன். இன்னும் ஆரம்பிக்கலையோ?" என்றபடி காசிமாயன் டம்ளரை டேபிளில் வைத்தார். நேராகப் பரேடு மைதானத்தின் நடுவில்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் வந்தது, நெஞ்சுவலி வந்த மாதிரியும் முகம் கோணியது. "பாத்தியா புள்ள! மிலிட்டரிக்காரருக்கே தெரியல! பாஸு! பாஸு!" என்று குதித்தார். குதித்துக்கொண்டே டம்ளரை எடுத்துக் கைக்குட்டையால் மைதானத்தைத் துடைத்தார். சுடு டீயை நடுவில் வைத்தவரை ஒரு வார்த்தை திட்ட முடியவில்லை. எப்படித் திட்டுவார்? தெரியவில்லை என்பதுதானே அவருக்கு வெற்றி.

துடைக்கிற அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனசுக்குள் எனக்கு விளக்கு எரிந்தது.

திங்கட்கிழமை அவர் கம்பெனிக்குப் போனதும் மிஷின் மெக்கானிக் வீரனுக்குப் போன் போட்டேன். ஸ்டாண்ட் இல்லாமல் மேஜைமேலேயே வைத்து ஓட்டுகிற சின்ன ஓவர்லாக், பேபி ஓவர்லாக் என்பார்கள், அதை வாங்கி வரச் சொன்னேன். நான் பிசிறு வெட்டிச் சேர்த்த காசு. வீரன் தூக்கிக்கொண்டு வந்தான்.

"எங்கீங்கக்கா வெக்கறது?"

"அந்த ஜன்னலோரம் பச்சைத்துணி விரிச்சுருக்குது பாரு, அதும்மேல."

எனக்குத் தெரியாமலா சொன்னேன்? எந்த பாரக்ஸ் எங்கே இருக்கிறது, எந்தச் சிப்பாய் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு சிப்பாய்க்கும் அடிபடாமல், வேலி நூல் ஒன்றும் அறாமல், விரலால் இடம் காட்டிக் காட்டி மைதானத்தின் நடுவில் மிஷினை இறக்க வைத்தேன். பெடலைக் கீழே போட்டு, உயரமான ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். காலை வெயில் சரியாக ஊசிமேல் விழுந்தது. பெடலை அழுத்தினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக்கூட இல்லை, தைத்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் அவர் மாடியேறி வந்தார். படியிலேயே சத்தம் கேட்டிருக்கும். ஹால் வாசலில் நின்றார். அவருடைய படை என் மிஷினைச் சுற்றி அணிவகுத்து நின்றது, டாங்கியின் குழாய் என் நூல் கோனைக் குறிபார்த்தது.

"சாரதா! என்ன காரியம் பண்ணிவெச்சுருக்கறே! பரேடு கிரவுண்டுல கொண்டு போயி..."

"எங்கீங்க கிரவுண்டு?"

"இதா, நீ மிஷின் வெச்சுருக்கறயே..."

"இங்கீங்களா? வெறுந்துணின்னு நெனச்சுட்டனுங்க. எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே. உங்களுக்குத் தெரியுதுங்களா?"

வாயைத் திறந்தார். தெரிகிறது என்று சொன்னால் ஷேடு ஃபெயில். மலையை வெட்டி, கேரியரில் சுமந்து, ஞாயிற்றுக்கிழமை குதித்ததெல்லாம் ஃபெயில். தெரியவில்லை என்றால் மிஷின் அங்கேயே இருக்கும். கம்பெனியில் எத்தனை டெய்லர்கள் அவர் முன்னால் இப்படி வாயடைத்து நின்றிருப்பார்கள்! அவர்கள் எல்லோர் சார்பிலும் அந்த நிமிஷத்தை நன்றாக ரசித்தேன்.

குனிந்து கேம்ப்பைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். கண்ணோரத்தில் காய்ந்துபோன ஈரத்தைக் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன், மற்றவர் குற்றத்தைத் தேடுகிற அந்தக் கண்ணுக்கு இதுவும் தப்பவில்லை.

"தெரியல புள்ள" என்றார் மெதுவாக. "எனக்கு இத்தனை நாளா ஒண்ணும் தெரியல."

அவர் முகாமைத்தான் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி அழுதுவிடுவேன்.

மிஷின் அங்கேயே இருக்கிறது. அது ஓடும்போது டேபிள் அதிரும், அதிர்ந்தால் ரயில் தடம் புரளும். இன்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பார்.

"ஒரு ரவுண்டு உடலாமா, சாரதா?"

"கவுனுக்கு இன்னும் ரெண்டு கை ஏத்தோணுமுங்க. நில்லுங்க."

நிற்கிறார்.